டிகிரி அக்கா உறையவைத்த குப்பி

படித்தது பத்தாவது வரைக்கும்தான். ஆனாலும் அந்தத் தடுப்பூசி மையத்தில் அவளுக்கு டிகிரி அக்கா என்றுதான் பேர். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்கு அவள்தான் காவல். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாளோ இல்லையோ, உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதிவிடுவாள். இரண்டுக்குக் கீழே இறங்கக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. பதினேழு வருஷமாக இதே பாட்டு.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதுச் சரக்கு வந்தால், ஐந்து நோய்களுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டு, ‘போடக்கூடாது’ என்று சிவப்பு மையில் சீட்டு ஒட்டி வைத்துவிடுவாள். நல்ல மருந்தை வீணாக்குகிறாள் என்று நர்ஸ் முணுமுணுப்பார். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே.

தெருமுனை டெய்லர் லேசில் மசிகிற ஆள் இல்லை. மூன்று மாதமாகத் தன் பிள்ளைக்கு ஊசியே வேண்டாம் என்று நின்றார். அக்காவும் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் சாக்கில் போய்ப் போய்ப் பேசினாள்.

“ஏழு கிலோகூட இல்லாத உடம்புல ஒரே நேரத்துல அஞ்சு மருந்தா? தாங்குமா அக்கா?”

“தரையில கிடக்கிறதை எல்லாம் எடுத்து வாயில போட்டுக்கிறானே, அதுல எத்தனை கிருமின்னு எண்ணிப் பார்த்தீங்களா? அதையே சமாளிக்கிற உடம்புக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்ல. ஒரு நாள் ரெண்டு நாள் காய்ச்சல் வரும், குத்தின இடம் வீங்கும், சிணுங்குவான். சேர்த்துப் போட்டா ஒத்துக்குதான்னு எத்தனையோ குழந்தைங்களுக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் கொடுக்கிறாங்க. தனித்தனியா குத்தி அவனை அஞ்சு தடவை அழவைக்கணுமா?”

கடைசியில் ஒரு புதன்கிழமை மனிதர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்தார். பார்த்துப் பார்த்து அன்றைக்குத்தானா அப்படி ஆக வேண்டும்? முந்தின நாள் ஃபிரிட்ஜைத் துடைத்த யாரோ குளிரைக் கூட்டும் குமிழைத் திருகிவிட்டிருக்கிறார்கள். உள்ளே மைனஸ் மூன்று.

நர்ஸ் ஒரு குப்பியை வெளியே எடுத்து உருகவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பார்க்க நல்லாத்தானே இருக்கு?”

“உறைஞ்சு உருகினதும் சட்டுனு பார்த்தா இப்படித்தான் இருக்கும். வீரியம் போயிருக்கும்.”

உறைந்த மருந்து எப்படிப் படியும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, சீட்டு ஒட்டிய குப்பியையும் ஃபிரிட்ஜில் இருந்த ஒன்றையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கி, மேஜையில் வைத்தாள். நல்ல மருந்தென்றால் கலங்கியே நிற்கும். அரைமணி நேரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் ஒரே மாதிரி அடியில் மாவு படிந்து, மேலே தெளிந்துவிட்டது.

நர்ஸ் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “மருந்து கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க அக்கா. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிடலாம். உண்மை தெரிஞ்சா டெய்லர் இந்த ஜென்மத்துல இந்தப் பக்கம் வரமாட்டார்.”

அக்கா வரிசையில் இருந்த டெய்லரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மாத உழைப்பு ஆயிற்றே. இருந்தும் வரிசையின் முன்னால் போய் நின்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்.

“மருந்து உறைஞ்சு கெட்டுப்போச்சு. போட்டாலும் உங்க பிள்ளைங்களைக் காப்பாத்தாது. அதனால போடமாட்டோம். அடுத்த புதன் வாங்க.”

டெய்லர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். அந்த வாரம் முழுக்க அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரவிக்கையை வாங்கப் போகவும் கால் வரவில்லை.

அடுத்த புதன், புதுச் சரக்கு, ஐந்து டிகிரி. கதவைத் திறந்தால் முதல் ஆளாக டெய்லர் நிற்கிறார். இடுப்பில் பிள்ளை. பக்கத்தில் அவருடைய தங்கை, அவள் கையிலும் ஒரு குழந்தை.

“வரமாட்டீங்கன்னு நினைச்சேன்” என்றாள் அக்கா.

“தையல் பிசகினா, கேட்டு வாங்க ஆள் நின்னாலும் பிரிச்சுத்தான் தைப்பேன். நீங்களும் அந்த ஜாதின்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதான் இவளையும் இழுத்துட்டு வந்தேன்.”

ஊசி ஏறியதும் பிள்ளை வீல் என்று அலறினான். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போய், புதுச் சரக்கில் ஒரு குப்பியை உறையவைக்க எடுத்தாள். ‘போடக்கூடாது’ என்ற சீட்டை இந்தத் தடவை நர்ஸே எழுதிக் கொடுத்தார்.