கடைசிப் பக்கம் படிக்கும் டாக்டர்

எந்த விண்ணப்பத்தையும் டாக்டர் ரெஜினா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். கழிவை என்ன செய்வார்கள், ஏதாவது தவறிப்போனால் யாருக்குப் போன் போடுவார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதில் மனம் ஒப்பினால்தான் முதல் பக்கத்துக்கு வருவார்.

பாளையம்பட்டியில் காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் மருந்து எழுதித்தரும் அறுபத்திரண்டு வயது மருத்துவர் அவர். எங்கள் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினர். அந்தக் குழு ஒப்புக்கொள்ளாமல் மரபணுவை மாற்றும் எந்த ஆய்வையும் தொடங்க முடியாது. "ஜீனப் பத்தி படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. மனுசருக்கு என்ன ஆவும், அத மட்டுந்தான் கேப்பேன்" என்பார். குழுவின் முடிவுகள் தமிழிலும் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவரும் அவரே. தமிழ்த்துறைக்காரனான நான் அந்தக் கூட்டங்களில் உட்கார நேர்ந்தது அப்படித்தான்.

ஆய்வகம் இருக்கும் கட்டடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கூட்டத்தின் நடுவே டீ வந்தால் தம்ளரோடு வெயிலுக்குப் போய்விடுவார். வேறு வழியில்லாமல் முதல்வரும் பின்னாலேயே போவார்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வாளர் சுபத்ராவின் விண்ணப்பம் இவரிடம் மாட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரிலும் விளையும்படி குதிரைவாலியின் மரபணுவை மாற்றிப் பார்க்கும் ஆய்வு. பரளச்சிக்குப் பக்கத்தில் வலைக்கூடாரம் போட்டு, மாற்றிய செடியையும் சாதாரணச் செடியையும் தொட்டிகளில் வளர்க்க வேண்டும். எண் எழுதிய சீட்டைச் செடியில் கட்டினால் போதும் என்று சுபத்ரா எழுதியிருந்தார்.

"சீட்டு பிஞ்சு போயிரும். தொட்டிக்கு அடியிலயும் பெயிண்டுல எழுதும்மா" என்றார் டாக்டர். இருநூறு தொட்டிகள். எழுதி முடித்து அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் வாங்க இரண்டு மாதம் ஆனது. சுபத்ரா என்னிடம் வந்து அழுதார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சிலிருந்து வெளியே வந்த டாக்டருக்கு சுபத்ராவிடமிருந்து போன். வலை கிழிந்து ஓர் ஆடு உள்ளே புகுந்துவிட்டது. பதினொரு தொட்டிகளை மேய்ந்திருக்கிறது. சீட்டுகளையும் சேர்த்துத் தின்றிருக்கிறது.

எந்த எண் எந்தச் செடி என்ற பட்டியல் இருந்த கோப்போடு நானும் போனேன். ஆட்டுக்காரர் மொக்கையன் அதை வேலிக்கருவை மரத்தில் கட்டிவிட்டு நின்றிருந்தார்.

"விசத்தத் தின்னுருச்சா டாக்டரம்மா? பால்குடிக் குட்டி ரெண்டு கெடக்கு."

"விசம் இல்லண்ணே. ஆனா எந்தச் செடியத் தின்னுச்சுன்னு தெரியல. தெரியிற வரைக்கும் குட்டிகள விடாதீக, பாலும் கறக்காதீக."

மாற்றிய செடி என்றால் ஆட்டை விற்க முடியாது, அறுக்க முடியாது. சுபத்ராவின் ஆய்வும் அன்றோடு நின்றுவிடும். டாக்டர் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மொட்டையாகிக் கிடந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் இருந்த எண்ணைப் படித்தார். நான் பட்டியலில் தேடிச் சொன்னேன். சாதாரணம். சாதாரணம். ஏழாவதில் மண் ஒட்டியிருந்தது. எச்சிலைத் தொட்டுத் துடைக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டு துணி கேட்டார். அதுவும் சாதாரணம். பதினொன்றும் சாதாரணச் செடிகள்தான். மாற்றிய செடிகளையும் எண்ணிப் பார்த்தோம். ஒன்றுகூடக் குறையவில்லை.

சுபத்ரா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மொக்கையனிடம் போனார். "நீங்க வீட்ல வளக்குற குதிரவாலிதான் அது. ஆட்ட அவுத்துக்கிட்டுப் போங்கண்ணே."

"நல்லாருப்பீக தாயி" என்று சொல்லி முடிக்கும் முன்பே அவர் கயிற்றை அவிழ்த்திருந்தார்.

"ஒண்ணும் ஆகலையே மேடம், கமிட்டிக்கு எழுதணுமா?" என்று சுபத்ரா மெல்லக் கேட்டார்.

"ஆடு உள்ள வந்தது நெசந்தானே? எழுது. நானும் கையெழுத்துப் போடுறேன்."

வலைக்காரர் திங்கட்கிழமைதான் வருவாராம். டாக்டர் காரிலிருந்து தன் பையை எடுத்துவந்தார். காயத்துக்குத் தையல் போடும் ஊசியில் நூலைக் கோத்து, கிழிந்த வலையின் இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து தைக்க ஆரம்பித்தார்.