கடலுக்குப் போகாத ஆமை

வீடு இருக்கிறவர்கள் எதற்காக வெளியே போய்ப் படுக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. நான் வெளியே படுத்தவன். லாரியின் மேல் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கிறேன். திருப்பூரில் துணி மூட்டைகளின் மேல், துபாயில் சுவர் எழும்பாத ஒரு மாடியில் காலி சிமெண்ட் பைகளை விரித்து. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனவனுக்கு அதெல்லாம் வேலையின் ஒரு பகுதி. பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் யாரும் என்னிடம் அதற்கு முன்பதிவு செய்யச் சொன்னதில்லை.

சிங்கப்பூரில் முன்பதிவு செய்கிறார்கள். கடற்கரைப் பூங்காவில் ஓர் இரவு கூடாரம் போட்டுப் படுக்க, கைப்பேசியில் அனுமதி வாங்க வேண்டும். என் மச்சான் அப்படி வாங்கிவிட்டுத்தான் ஒரு பள்ளி விடுமுறையில் என்னை அழைத்தார். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். இங்கேயே பிறந்தவர், பேருந்து ஓட்டுகிறார். அக்கா அவரைக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு பிள்ளைகளோடு தோ பாயோவில் குடியிருந்தாள். நான் துவாஸில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறவன். தொழிலாளர் விடுதியில் இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டு என்னுடையது.

"மாப்ள, வர்ற வழியில லிட்டில் இந்தியாவுல இறங்கி நல்ல கயிறா ஒரு சுருள் வாங்கிக்க" என்றார் மச்சான் தொலைபேசியில். "போன தடவை காத்துல டென்ட் பறந்துபோய்ப் பக்கத்துல மலாய்க்காரங்க சுட்டுக்கிட்டு இருந்த கோழி மேல உக்காந்துடுச்சு."

"வீட்லதான் ஏர்கான் இருக்குல்ல மச்சான்?"

"இருக்கு மாப்ள. அது இல்லாம ஒரு நாள் படுத்துப் பாக்கத்தான் போறோம்."

எனக்கு இது விடுகதை போல இருந்தது. சரி, போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அவர்கள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார்கள். ஒரு குடும்பம் ஓர் இரவு வெளியே படுக்க எவ்வளவு சாமான் வேண்டும் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு தள்ளுவண்டியில் பிரியாணிப் பானை, ஊறுகாய், தண்ணீர்ப் புட்டிகள், பாய்கள், தலையணைகள், பேட்டரி விசிறி. அக்கா ரைஸ் குக்கரையும் தூக்கி வந்திருந்தாள்.

"இதை எங்கக்கா சொருகுவ? தென்னமரத்துலயா?" என்றேன்.

"கிண்டல் பண்ணாத. பதட்டத்துல கை தானா எடுத்துடுச்சு" என்றாள்.

மச்சானின் வெள்ளை நாய்க்குத் தனி மெத்தை இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். அது மெத்தையில் ஏறி உட்கார்ந்து மணலைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காக்கை அருகில் வந்து நின்றதும் மச்சானின் கால்களுக்கு இடையே புகுந்துகொண்டது.

அவர்களுக்குப் பின்னால் மூத்தவள் வந்தாள். பதினொரு வயது. இரண்டு கையாலும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தொட்டியைப் பிடித்திருந்தாள். உள்ளே உள்ளங்கை அளவு ஓர் ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏன் என்று மச்சான் கயிறு கட்டும்போது மெதுவாகச் சொன்னார்.

ஆமை பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கொடுத்தது. அவர் தன் மகன் வீட்டோடு குடிபோகும்போது, நீண்ட ஆயுசு, நல்ல அதிர்ஷ்டம் என்று சொல்லி இவள் கையில் வைத்துவிட்டுப் போனாராம். சீனர்களுக்கு ஆமை மங்கலம். நம் ஆட்களுக்கு நேர்மாறு. ஆமை வீட்டுக்குள் வந்தால் அந்தக் குடும்பம் தலையெடுக்காது என்று அக்கா உறுதியாக நம்பினாள். ஆமை என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டாள். "அது" என்பாள். அதனால் தோ பாயோ வீட்டில் தொட்டி வாசலுக்கு வெளியே, பொது நடைபாதையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. மகள் தினமும் நடைபாதையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாளாம்.

இப்போது பொங்கோலில் புது வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு பால் காய்ச்ச நாள் பார்த்தாகிவிட்டது. புது வீட்டு வாசலில் தொட்டி வைக்க இடம் இல்லை. லிப்ட் திறந்தால் கதவுதான்.

"அதனால அது கடலுக்குப் போகணும்னு உங்கக்கா சொல்லிட்டா. நாளைக் காலையில வீட்டுக்குக் கிளம்புறதுக்குள்ள" என்றார் மச்சான். "நான் முடியாதுன்னேன் மாப்ள. பிராணிகளை இங்க விடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கான். பிடிச்சா ஃபைன்."

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "யாரு விடச் சொன்னா? கரையில வெச்சுப் பாப்போம். அதுவா இறங்கிப் போனா நாம விட்டதா ஆகுமா?"

"அம்மா, திஸ் ஒன் ஃப்ரெஷ்வாட்டர்" என்றாள் மகள். "கடல்ல விட்டா செத்துடும். டீச்சர் சொன்னாங்க."

"உங்க டீச்சர் கடற்கரையில பொறந்தாங்களா? நானும் உங்க மாமாவும் பொறந்தது வேதாரண்யத்துப் பக்கம். எங்களுக்குத் தெரியாத கடலா? டேய், சொல்லுடா."

சொல்ல எனக்கும் வேறு எதுவும் தெரியாது. நாங்கள் பார்த்த ஆமைகள் எல்லாம் மாட்டுவண்டிச் சக்கரம் போல இருக்கும், கடலிலிருந்து வரும், கடலுக்குத் திரும்பும். ஆமை என்றால் கடல்தான் என்று நினைத்திருந்தேன். குளத்து ஆமை, கடைத் தொட்டியில் விற்கும் ஆமை என்று ஒரு ஜாதி உண்டென்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஆனால் அந்தப் பெண் சொன்ன விதத்தில் ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. எது சரி என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

சாரம் கட்டுகிறவன் கூடாரம் கட்டினால் எப்படி இருக்கும்? நாலு மூலையிலும் கப்பலை இழுத்து நிறுத்தும் அளவுக்கு முடிச்சுப் போட்டுவிட்டேன். "இதை நாளைக்கு அவுக்கணும் மாப்ள, ஞாபகம் இருக்குல்ல?" என்று மச்சான் கேட்டார்.

வேலை முடிந்ததும் சுற்றிப் பார்த்தேன். எங்களுக்கு வலப்பக்கம் ஒரு மலாய்க் குடும்பம். பூனைக்குக் கயிறு மாட்டி அழைத்து வந்திருந்தார்கள். பூனை நடக்கவில்லை, படுத்தே இழுபட்டது. இடப்பக்கம் இரண்டு சீனக் குழந்தைகள் முயலைக் கைக்குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லோரும் வீட்டில் இருப்பதை எல்லாம் கொண்டுவந்து மணலில் பரப்பி, மறுபடி ஒரு வீட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். சுவரை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வெயில் தணிந்ததும் அக்கா எழுந்தாள். "வாங்க, பாத்துடுவோம்."

மகள் தொட்டியை விடவில்லை. அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள். உதடு மட்டும் இறுகியிருந்தது. தண்ணீர் நனைத்துவிட்டுப் போகும் ஈரமணலில் ஆமையை எடுத்து வைத்தாள். தலை கடலைப் பார்த்து இருந்தது. நாங்கள் எல்லோரும் பின்னால் வரிசையாக நின்றோம். நாயும் நின்றது.

ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒரு சின்ன அலை வந்து அதன் முகத்தில் பட்டது. உடனே எல்லாவற்றையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அலை போன பிறகு மெல்ல வெளியே வந்து, நின்ற இடத்திலேயே அரைவட்டம் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தது.

"திசை தெரியல அதுக்கு" என்றாள் அக்கா. "திருப்பி வைடா."

திருப்பி வைத்தேன். மறுபடியும் அலை, மறுபடியும் அரைவட்டம். இந்த முறை வேகமாக நடந்தது. ஆமை இத்தனை வேகமாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் பின்னாலேயே போனேன். நாயின் மூக்குக்கு முன்னால் கடந்தது. நாய் பின்வாங்கியது. மணல் முடிந்து புல் வந்தது. புல்லைத் தாண்டி, கால் கழுவும் குழாய்க்கு அடியில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கழுத்தை நீட்டிக் குடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, உன் மக டீச்சர் சொன்னது சரிதான் போல."

அக்கா சிரிக்கவில்லை. "கடல்ல போகாட்டி வேற யாருக்காவது குடுத்துடுவோம். வீட்டுக்குள்ள கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போனாள். அவள் கோபமாகப் பேசவில்லை. புது வீட்டுக்கு அவளும் மச்சானும் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற பயம் அவளுக்கு. மகள் ஆமையை எடுத்துக் கழுவி மறுபடி தொட்டியில் விட்டாள்.

பிரியாணிப் பானையைத் திறக்கும் நேரத்தில் மழை வந்தது. இந்த ஊர் மழைக்குத் தூறல் என்ற முன்னறிவிப்பே கிடையாது. பானை, நாய், மெத்தை, பையன் என்று அகப்பட்டதை எல்லாம் உள்ளே இழுத்தோம். திரும்பிப் பார்த்தால் மூத்தவள் மட்டும் வெளியே நின்றாள். ஒரு கையில் குடை, காலடியில் சிவப்புத் தொட்டி.

"உள்ள வா!" என்று அக்கா கத்தினாள்.

"அதுவும் வரலாமா?"

"வரக்கூடாது. நீ வா."

"அப்ப வேணாம்."

கடைக்குட்டி தலையை வெளியே நீட்டினான். அவனுக்கு ஐந்து வயது. "அம்மா, திஸ் இஸ் நாட் வீடு லா. திஸ் இஸ் டென்ட்."

"சமைச்சுச் சாப்பிட்டுக் குடும்பமா படுத்தா எல்லாம் வீடுதான்" என்றாள் அக்கா.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ சொல்லு. நீதான் எல்லா எடத்துலயும் படுத்தவன். டென்ட் வீடா, இல்லையா?"

நான் படுத்த இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். லாரி வீடா? சிமெண்ட் பை வீடா? விடுதிக் கட்டில் வீடா? எதையும் நான் வீடு என்று சொன்னதில்லை, வீடு இல்லை என்றும் சொன்னதில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போய்விடுவேன்.

"எனக்குத் தெரியல மச்சான்" என்றேன். "எவனும் என்னை உள்ள வராதேன்னு சொன்னதில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாயில் வந்தது. அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.

வெளியே மகள் குடையைக் கீழே போட்டுவிட்டுக் குந்தியிருந்தாள். தொட்டி மழையில் நிறைந்துகொண்டே வந்தது. ஆமை விளிம்புக்கு மிதந்து வந்து கால்களை வெளியே போட்டது. அவள் அதை உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள். அள்ள அள்ள நிறைந்தது. அவள் அழவும் இல்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. மழையோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. நாய் என் சட்டைக்குள் தலையை விட்டது.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். மகளைத்தான் இழுத்து வரப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். பிறகு ஆமையோடு அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் மகளின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

கூடாரத்தின் நடுவில் தொட்டி. சுற்றி நாங்கள். அக்கா மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்:

"அதுவா உள்ள வந்தாத்தான் தப்பு. நான் தூக்கிட்டு வந்தேன்."

"யாரு சொன்னா அப்படி?" என்றார் மச்சான்.

"நான் சொல்றேன். போதாதா?"

"போதும், போதும்."

பிறகு சாப்பிட்டோம். வெளியே நனைந்து, உள்ளே புழுங்கி, முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு சாப்பிட்டது. வீட்டில் இவர்களை இத்தனை நெருக்கமாக நான் பார்த்ததில்லை. அங்கே ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு கைப்பேசி. ஒருவேளை இதற்குத்தான் வெளியே வருகிறார்களோ என்று தோன்றியது. உறுதியாகத் தெரியாது. விடுதியில் நாங்களும் முழங்கால் இடிக்கத்தான் சாப்பிடுகிறோம், அதற்காக யாரும் அனுமதி வாங்கி வருவதில்லை.

கடைக்குட்டி ஒரு பருக்கையை ஆமையிடம் நீட்டினான். அக்கா அவன் கையில் ஒன்று வைத்தாள். "மசாலாவைக் குடுக்காதடா. அதுக்கு வயிறு கெட்டுடும்."

மகள் அப்போதுதான் முதன்முதலாக நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பொங்கோலுக்குப் போனேன். லிப்ட் திறந்ததும் கதவு. மாவிலை கட்டியிருந்தது. சாமி படம், உப்பு, மஞ்சள், பால் சட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. கடைசியில் மகள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கிட்ட குடு. உனக்குக் கை வழுக்கும்" என்று அக்கா திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள். தொட்டியை மார்போடு அணைத்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். மச்சானின் சித்தி ஒருத்தி வாயில் கை வைத்து, "என்னடி இது, இன்னிக்குப் போயி?" என்றாள். அக்கா அந்தக் கேள்விக்கு நிற்கவே இல்லை.

சமையல்கட்டில் அவள் தொட்டிக்கு மூலை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அக்கா, ஒரு நாள் கதவு திறந்திருக்கு. அதுவா வெளிய போய், அதுவா திரும்பி வந்தா என்ன பண்ணுவ?"

அவள் அடுப்பைப் பற்றவைத்துப் பால் சட்டியை மேலே வைத்தாள். "வாசலைத் தாண்டறதுக்குள்ள நான் போய்த் தூக்கிட மாட்டேனா?" என்றாள். "அதுக்குக் கீரை போடு. அந்தப் பையில நறுக்கி வெச்சிருக்கேன்."