ஐயாயிரத்து அறுநூறு

லேப் அக்காவின் இடது கால் செருப்பு மாடிப்படியிலேயே கழன்று கிடந்தது. அவளோ மாடிக்கு வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, வெள்ளைக் கோட்டையும் மாட்டிக்கொண்டுவிட்டாள். கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர்தான் செருப்பைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அக்கா, இது உங்களோடதுதானே?"

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறுகாலில் இல்லை. பதினெட்டுப் படி வெறுங்காலோடு ஏறியிருக்கிறாள், தரை குளிர்ந்ததா சுட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

"ஏதோ யோசனைல வந்துட்டேன்," என்றாள்.

கேட்பவர்களுக்குச் சொல்ல இப்படி ஒரு பதில் அவளிடம் எப்போதும் தயாராக இருந்தது. நாக்கு எரிந்தால் டீ ரொம்பச் சூடு. பாதம் மரத்துப்போனால் நின்றுகொண்டே வேலை. பகல் பதினொரு மணிக்கே உடம்பு ஊற வைத்த துணி மாதிரி கனத்தால், வயசு ஐம்பத்தொண்ணு ஆகிறது, கனக்காமல் என்ன செய்யும்? ஊரார் ரத்தத்தில் ஒரு அணு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவள் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் பெரிய மனசு பண்ணி எல்லாவற்றையும் மன்னித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. மூன்று அறை. முதலாவதில் நாற்காலியும் ஊசியும், நடுவில் மெஷினும் மைக்ராஸ்கோப்பும், கடைசியில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டர். அவளைவிட எட்டு வயது மூத்தவர், அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள், வீட்டில் இருக்கும் நேரத்தில் போனுக்குள் இருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் தின்று கிளம்புவாள். சர்க்கரைக்குப் பத்து வருடமாக ஒரு மாத்திரை. நேரங்கெட்ட நேரத்தில் தின்று வந்த நெஞ்செரிச்சலுக்கு ஆறு வருடமாக இன்னொன்று. அதை எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. செருப்பைத் தூக்கி வந்தாரே அந்த மருந்துக்கடைக்காரர், அவர் அட்டையை நீட்டுவார், இவள் வாங்கிப் போட்டுக்கொள்வாள்.

"ஒரு நாள் லீவு போட்டு டாக்டரப் பாரேன்," என்பார் வீட்டுக்காரர்.

"தினமும் டாக்டரத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்," என்பாள் இவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

உண்மையில் அவளுக்குப் பயம். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே தம்பி, விடாத காய்ச்சல் என்று இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். கடுகளவு ரத்தத்தில் வெள்ளையணு நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். அவனுக்கு இரண்டாயிரத்து தொள்ளாயிரம். கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தாள். முதிராத, ரத்தத்துக்குள் வரவே கூடாத அணுக்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தன. ரத்தப் புற்று என்று உலகத்திலேயே முதலில் தெரிந்துகொண்டது அவள்தான். வெளியே வந்து, "மெஷின் சரியில்லடா, தப்பா காட்டுது. பெரிய ஆஸ்பத்திரில இன்னொரு தடவ பாத்துக்கலாம்," என்று சொன்னாள். ஒன்பது நாள் அதை நம்பிக்கொண்டு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான், தூங்கினான். ஐந்து மாதத்தில் போய்விட்டான். அந்தப் பொய்யை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து வெள்ளையணு குறைவு என்றால் அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

இப்போது மெஷின் கதைக்கு வருவோம். மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க, எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்த ரத்தம் ஒன்று வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதைக் குப்பியில் அடைத்து, சரியான எண்ணை மேலே ஒட்டி அனுப்புவார்கள். மூன்று மாதமாக அந்தக் குப்பி வரவில்லை. டாக்டர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். இவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குப்பி வராத காலங்களில் அவள் தன் ரத்தத்தையே எடுத்து ஓட்டிப் பார்ப்பாள். அவள் ரத்தம் ஐயாயிரத்து அறுநூறு. கல்யாணத்துக்கு முன்னும் அதுதான், மகள் பிறந்த பிறகும் அதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மெஷின் வேறு எண் காட்டினால், அதற்குள் இருக்கும் பெருக்கல் எண்ணை மாற்றி ஐயாயிரத்து அறுநூறுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

முதல் மாதம் மெஷின் நாலாயிரத்து தொள்ளாயிரம் என்றது. திருத்தினாள். அடுத்த மாதம், திருத்தத்தைக் கழித்துப் பார்த்தால், நாலாயிரத்து இருநூறு. திட்டிக்கொண்டே திருத்தினாள். மூன்றாவது மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. சிவப்பணுக்களை வேறு ஊதிப் பெருத்ததாகக் காட்டியது. இதற்கு நிச்சயம் மூளை குழம்பிவிட்டது என்று மெஷின்காரரை வரவழைத்தாள். அவர் பாதி நாள் உட்கார்ந்து குழாய் குழாயாகக் கழுவினார்.

"அக்கா, மெஷினுக்கு ஒண்ணுமே இல்லக்கா."

"அப்ப என் ரத்தம் பொய் சொல்லுதா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே."

அவர் போனதும் மூன்றாம் முறையும் திருத்தினாள். இப்போது மெஷின் யார் ரத்தத்தையும் ஒன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெருக்கிக் காட்டியது. அவள் தெரிந்தே தவறு செய்தாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம்பினாள். மெஷின் கெட்டுப்போனது என்று நம்பாவிட்டால் நம்ப வேண்டிய இன்னொன்று இருந்ததே, அதன் பக்கம் திரும்பிப் பார்க்க அவளிடம் தெம்பில்லை.

அந்த வாரம் முழுக்க டாக்டர் அலுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "என்னக்கா இது, வர்றவங்க எல்லாருக்கும் வெள்ளையணு ஏறிக் கிடக்கு. ஊருக்கே இன்ஃபெக்‌ஷனா?"

"சீசன் அப்படி," என்றாள் அக்கா.

செருப்பு கழன்ற அன்று முதல் ஆளாக வந்தவர் கணக்கு டீச்சர். மார்பில் கட்டி எடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர். வெள்ளையணு மூவாயிரத்துக்குக் கீழே இருந்தால் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற மாட்டார்கள், ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பதினொரு மணிக்கு அவர் அங்கே இருக்க வேண்டும். மெஷின் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது என்றது. அக்கா ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளி பெஞ்சுக்கு வந்தாள்.

"மூவாயிரத்து எண்ணூத்து நாப்பது, டீச்சர். தைரியமா போங்க."

டீச்சர் சந்தோஷப்படவில்லை. ரிப்போர்ட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எங்கயோ இடிக்குதே அக்கா. வாய் பூரா புண்ணு. தண்ணி முழுங்கினாலே கண்ணுல தண்ணி வருது. இப்படி இருந்தா எனக்கு எண்ணிக்கை இறங்கியிருக்கணுமே."

"மெஷின் சொல்லுது."

"முன்னெல்லாம் நீங்களே கண்ணால பாத்து எண்ணுவீங்களே."

எண்ணுவாள்தான். இந்த மூன்று நான்கு மாதமாகத்தான் விட்டுவிட்டாள். கண் சோர்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது. எண்ணியே காட்டிவிடுகிறேன் என்று எரிச்சலோடுதான் உள்ளே போனாள். அந்த எரிச்சல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு நினைத்து நினைத்து நடுங்கினாள்.

கட்டம் போட்ட சின்னக் கண்ணாடியில் டீச்சரின் ரத்தத்தைக் கரைத்து ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தாள். நான்கு மூலைக் கட்டங்களில் இருக்கும் வெள்ளையணுக்களை எண்ணி ஐம்பதால் பெருக்க வேண்டும். நாற்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள், நாற்பத்தெட்டேதான். இரண்டாயிரத்து நானூறு.

மெஷின் குறைத்துக் காட்டுகிறது என்றுதானே மூன்று மாதமாகத் திட்டினாள்? டீச்சருக்கு அது கூட்டிக் காட்டியிருக்கிறது. அவள் போட்ட பெருக்கலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மெஷினும் இரண்டாயிரத்து நானூறு என்றது. ஆக, அது ஒரு நாளும் கெட்டுப்போகவில்லை.

அப்படியானால் கெட்டது எது?

கதவைச் சாத்தினாள். தன் விரலைக் குத்தினாள். முதல் குத்தில் வலிக்கவே இல்லை, ரத்தம் வந்த பிறகுதான் குத்தியது தெரிந்தது. கட்டங்களில் எழுபது. மூவாயிரத்து ஐந்நூறு. இன்னொரு சொட்டைத் தகட்டில் தடவி, சாயம் ஊற்றி, காயட்டும் என்று நின்றாள். அந்தப் பத்து நிமிடம் தம்பி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். மகளுக்கு யார் காலையில் கட்டிக் கொடுப்பார்கள் என்று யோசித்தாள். வீட்டுக்காரருக்குத் தன் கண்ணாடி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதே என்று யோசித்தாள். சாகிற யோசனையில்கூட அடுப்பும் அலமாரியும்தான் வந்தன.

தகட்டை வைத்துப் பார்த்தாள். முதிராத அணு எங்கே எங்கே என்று தேடினாள். இல்லை. இன்னும் தள்ளினாள், இல்லை. இருநூறு வெள்ளையணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் வேறு மாதிரி. வெள்ளையணுவின் நடுவே கரு மூன்று நான்கு மடிப்பாக இருக்கும். இதில் ஆறு. பக்கத்திலேயே இன்னொன்றில் ஏழு. சுற்றிலும் சிவப்பணுக்கள் முட்டை வடிவில் பெருத்துக் கிடந்தன.

இதை அவள் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறாள்! பி-12 வைட்டமின் இல்லாத ரத்தம். அது இல்லாவிட்டால் எலும்புக்குள் அணுக்கள் வளர்கின்றன, பிரிய முடிவதில்லை. பாதி அங்கேயே மடிந்துவிடுகின்றன, தப்பி வருவது கொஞ்சம். வேறு யாருடைய தகடாக இருந்தாலும் அரை நிமிடத்தில் சொல்லி, அடுத்ததை எடுத்திருப்பாள்.

தகட்டோடு டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடு அறைக்கு எழுந்து வந்து வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"சர்க்கரை மாத்திரை எத்தன வருஷமா?"

"பத்து. நெஞ்செரிச்சலுக்கு ஆறு."

"ரெண்டுமே பி-12 உடம்புல ஒட்ட விடாது. ஒரு தடவயாவது அளந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"வாசல்ல போர்டு தொங்குது. சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க பி-12 பாத்துக்கோங்கன்னு. நீங்கதான் மாட்டினீங்க." திட்டத்தான் ஆரம்பித்தார், சீட்டை எடுத்து ஊசி எழுதுவதில் முடித்தார். "அளவு பாக்க வெளிய அனுப்புவோம். ஊசி இன்னைக்கே போட்டுக்கலாம். தேறிடுவீங்க. கால் மரத்தது முழுசா சரியாகுமான்னு இப்ப சொல்ல முடியாது."

"மூணு மாசமா கொடுத்த ரிப்போர்ட்டெல்லாம்?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒருத்தர் விடாம கூப்பிட்டுச் சொல்லணும். மறுபடி எடுத்துப் பாக்கணும். மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். டீச்சர் பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாயிரத்து நானூறு, டீச்சர். இன்னைக்கு மருந்து ஏத்தக் கூடாது."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "மெஷின் கோளாறா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். நாக்கு வரை வந்த சொல், பதினான்கு வருடத்துக்கு முன் சொல்லிப் பழகிய சொல்.

"இல்ல. மெஷின் மேல தப்பில்ல. என் மேலதான்," என்று சொல்லி, குப்பியில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்ப போன தடவ நாலாயிரம்னு கொடுத்தீங்களே?"

"அது மூவாயிரம்."

"மயிரிழை," என்றார் டீச்சர். முகம் சிவந்துவிட்டது. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கக்கா. உங்க எண்ணை நம்பித்தானே கையை நீட்டினேன்? இன்னைக்கு நான் கேக்காம போயிருந்தா?"

டீச்சர் எழுந்து படி வரை போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். அவராலும்தான் பதினெட்டுப் படி ஒரு மூச்சில் இறங்க முடியாது.

"உங்களுக்கு எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"மூவாயிரத்து ஐந்நூறு."

டீச்சர் மனசுக்குள் கூட்டினார். உதடு அசைந்தது.

"ரெண்டு பேரையும் சேத்தா," என்றார், "ஒரு முழு ஆளுக்குத்தான் தேறும்."

லேப் அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, கோட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். குடித்தால் நாக்கு எரியும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். வாங்கிக் குடித்தாள்.