நுங்குக் கறை

சித்திரை பிறந்துவிட்டால் நொய்யல் கரையில் இருக்கும் எங்கள் ராயபுரத்துப் பெண்களுக்கு உடம்பில் கனத்த சேலை தங்காது. கைத்தறிச் சேலைகளை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு 'வாயில்' என்கிற மெல்லிய பருத்திச் சேலைக்கு மாறிவிடுவார்கள். காற்று நன்றாகப் புகும். துவைத்துக் கொடியில் போட்டால் அடுத்த வேலை முடிவதற்குள் காய்ந்திருக்கும். அறுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்தொரு வயதில், எல்லோரிடமும் வாயில் சேலை இருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லை என்று அப்பாவிடம் சண்டை பிடித்தேன். அவரும் வாங்கி வந்தார். வெள்ளையில் பொடிப்பொடியாக ரோஜாப்பூ போட்டது. அதைக் கட்டாமல் பத்திரமாக எடுத்து வைத்தேன். குன்னத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்திருந்தது.

அது மூன்றாவது இடம். முதல் இரண்டு இடத்துக்காரர்களும் வந்து, பலகாரம் தின்று, சிரித்துப் பேசிவிட்டுப் போய், பிறகு தரகரிடம் ஒரே காரணத்தைச் சொல்லி அனுப்பினார்கள். "ஊட்டுக்குள்ள என்னமோ நெடியடிக்குதுங்க."

அப்பாவுக்கு வெளுப்புப் பட்டறையில் வேலை. பனியன் துணியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊற வைத்து, அலசி, நொய்யல் கரையில் காயப் போடுவார்கள். அந்த நெடி அவர் வேட்டியிலும் துண்டிலும் நகக்கண்ணிலும் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து அதையே மூச்சாக இழுத்தவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். மூன்றாவது இடமும் தட்டிப்போனால் அப்புறம் ஒருத்தரும் படியேற மாட்டார்கள் என்று அப்பா பயந்தார். எனக்கும் பயம்தான். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

ஐந்து நாள் அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை. எலுமிச்சந்தோலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைகள் சிவந்துவிட்டன. வீட்டிலிருந்த பவுடர் டின்னைக் கடைசியாக வேலைக்குப் போன அன்றே தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் வைத்துவிட்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து மூலை மூலையாக மோந்து பார்த்தார். அவர் முஸ்லிம், வீட்டுக்காரருக்குப் பனியன் வியாபாரம். "ஒண்ணுமே இல்லீங்க, நிம்மதியா இருங்க" என்று அப்பாவுக்கு உறுதி சொன்னதும், எனக்குச் சேலை கட்டிவிட்டதும் அவர்தான். பட்டு கட்டினால் என்ன என்று அப்பா இழுத்தார். "இந்த வெயில்ல பட்டப் பாத்தா வர்றவங்களுக்கே வேர்த்துப் போயிருமுங்க" என்று அக்கா அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்திருந்தேன். மாங்காய்க் கீற்று, கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட நீர்மோர். அந்த அம்மா இரண்டு டம்ளர் மோர் குடித்தார். முகத்தில் நல்ல சந்தோஷம். அப்பா கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் ஒரு சாக்கு நிறைய நுங்குக்காய் கொண்டுவந்திருந்தார்கள். "எங்க தோட்டத்து நொங்குங்க, காத்தால எறக்குனது" என்ற அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "டவுன் புள்ளைக்கு நொங்கு நோண்டத் தெரியுமா கண்ணு?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும். "தெரியுமுங்க" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை அரிவாளால் காயின் தலையைச் சீவிச் சீவித் தள்ளினார். நான் கட்டைவிரலை விட்டு, கண் உடையாமல் நோண்டி நோண்டித் தட்டில் போட்டேன். இளம் நுங்கு, தொட்டாலே குளிர்ந்தது. நாலாவது காயில் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். விரல் வழுக்கி, நுங்கு கிழிந்து, தோலோடும் தண்ணீரோடும் மடியில் விழுந்தது.

நுங்குத் தோலின் துவர்ப்பு துணியில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பழுப்பேறும். பிறகு சேலை நைந்து கிழிந்தாலும் கறை போகாது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று புழக்கடைக்கு ஓடினேன்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். பவுடர் கரைத்துத் தெளிய வைத்த தண்ணீர். எங்கள் தெருவில் வெளுப்பு வேலைக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் இருக்கும், சட்டைக் கறை எடுக்க. டின்னை எடுத்துப்போன அப்பா இதை மறந்துவிட்டார். நானும்தான். கை தானாக அதை எடுத்தது. கறை பட்ட இடத்தில் ஊற்றி, கசக்கி, அலசி, வெயிலில் விரித்துப் பிடித்தேன். சேலை காய்ந்துவிட்டது. பழுப்பு ஏறவே இல்லை. இரண்டு ரோஜாப்பூ மட்டும் வெளுத்துப்போயிருந்தன. அதை மடிப்புக்குள் தள்ளிக்கொண்டேன். வெளுப்புக்காரர் மகளா கொக்கா என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையோடு உள்ளே போய், நுங்குத் தட்டை எடுத்து அந்த அம்மாவின் முன்னால் குனிந்து நீட்டினேன். அவர் கை தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூக்கைச் சுளித்தார். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏனுங்க, இதுவரைக்கும் இல்ல... திடீர்னு என்னமோ நெடியடிக்குதுங்களே?"

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து கைகளை எடுத்து எல்லோரும் பார்க்க நீட்டினார்.

"எங் கையில இருந்து வர்றதுங்க. வெளுப்பு வேலைங்க, கை வேர்த்தா வந்துருமுங்க. புள்ள மேல ஒண்ணும் இல்லீங்க. நான் வெளிய நின்னுக்கறனுங்க, நீங்க பேசுங்க."

எழுந்து வெயிலில் இறங்கிவிட்டார். ஐந்து நாள் தேய்த்த கை. அதில் ஒரு துளி நெடி கிடையாது. நான் வாயைத் திறந்திருக்கலாம். நேரமும் இருந்தது. அப்பா வாசலைத் தாண்டும்வரை, தெருவைக் கடந்து எதிர்ச்சுவர் ஓரம் போய் நிற்கும்வரை, தட்டைப் பிடித்தபடி நின்றேன். பேசினால் கல்யாணம் போய்விடும் என்று தெரிந்தது. பேசவில்லை.

எனக்குத் துணையாகக் கூடவே இருந்த அக்கா ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து சாம்பிராணி கொண்டுவந்து புகை போட்டார். அந்த அம்மா தலைப்பை இறக்கினார். நுங்கைத் தின்றார். "புள்ளையப் புடிச்சிருக்குதுங்க" என்று சொல்லும்போது அப்பா உள்ளே இல்லை.

கல்யாணமாகிக் குன்னத்தூர் போனேன். கோடைதோறும் அப்பா என்னைப் பார்க்க வருவார். தோட்டத்துப் பனைமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார். "உள்ள வாங்க" என்று அந்த அம்மா, இப்போது எனக்கு அத்தை, எத்தனை முறை கூப்பிட்டாலும், "இங்கயே காத்தாட இருக்குதுங்க" என்பார். நான் நுங்கை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைய நெடி என் சேலையிலிருந்துதான் வந்தது என்று ஒரே ஒரு வார்த்தை அத்தையிடம் சொன்னால் போதும். முதல் வருஷம் சொல்லப் பயம். அடுத்த வருஷங்களில் வெட்கம். அப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

அப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊர் திரும்பியதும் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"உங்கப்பா கடசி வரைக்கும் நம்மூட்டுக்குள்ள கால் வெக்கவே இல்லியே கண்ணு. அன்னிக்கு நான் மூக்க மூடுனதுல அவருக்கு எம்மேல அவ்வளவு கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்கத்தை" என்றேன். அதற்கு மேல் அன்றும் நான் சொல்லவில்லை.