பெங்களூர் என்று சொல்லி அனுப்பிய அக்கா

அக்கா பெங்களூரில் ட்ரெயினிங்கில் இருப்பதாகத்தான் எங்கள் இரும்புலியூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தோம். உண்மையில் அவள் அந்தமானில் ஏதோ ஒரு சின்னத் தீவில், முதுகில் மூட்டையோடு காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

பெண்களை மட்டும் அப்படி அழைத்துப் போகிற டீச்சர் ஒருவர் தாம்பரத்தில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லித் தருபவர். நர்ஸ், டைப்பிஸ்ட், அக்காவைப் போலத் தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்று ஒரு கூட்டத்தை வருடத்துக்கு ஒருமுறை கப்பல் ஏற்றுவார். அதற்கு முன் ஞாயிறுதோறும் பக்கத்திலிருக்கும் பச்சைமலையில் ஏறிப் பழக வேண்டும். நான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிய பையில் மணலை நிரப்பி அக்கா சுமந்தாள். வீட்டில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். பையை அவளிடம் கொடுத்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். மெதுவாக நடக்கிறவள்தான் முன்னால் போக வேண்டும். அவளை யாரும் முந்தக் கூடாது.

"எப்பவும் நான்தாண்டா ஃபர்ஸ்ட்டு," என்பாள் அக்கா, பெரிய பெருமையோடு.

பல்லாவரத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். "கல்யாணமாயிட்டா எவன் வுடுவான்?" என்று ஒற்றைக்காலில் நின்றுதான் கிளம்பினாள். பெங்களூர் என்பது அம்மாவின் யோசனை. காட்டில் படுத்து எழுந்து வந்த பெண் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதுமே.

பிறகு ரேடியோவில் புயல் என்றார்கள். அந்தமானோடு தொடர்பு இல்லை என்றார்கள். திரும்ப வேண்டிய கப்பல் வரவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் நான் எத்தனை முறை சுழற்றியும் லைன் செத்துக் கிடந்தது. துறைமுகத்தில் நின்ற கூட்டத்துக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. காட்டு ஓடைகளில் வெள்ளம் வந்திருக்கும், அதில் முதலில் கால் வைக்கிறவள் அக்காதான் என்ற நினைப்பு வந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். படித்தவன் என்று அம்மாவும் அப்பாவும் என் முகத்தையே பார்த்தார்கள். என் முகத்தில் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில்தான் வேலை. வயர்லெஸ் செய்தி வருகிற அறைக்குப் பக்கத்து அறை. அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

"போய்க் கேட்டா கல்யாணம் பூடும்," என்றார் அப்பா.

"கேக்கலன்னா?" என்றாள் அம்மா.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினேன்.

"பெங்களூர்னு சொன்னீங்களேப்பா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"பொய் சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

"லேடீஸ் எல்லாரும் ஃபாரெஸ்ட் ஷெட்டுல இருக்காங்களாம். ஓடை தாண்டும்போது ஒரு பொண்ணுக்குக் கால் உடைஞ்சிருக்கு. பேர் வரல. உயிருக்கு ஒண்ணுமில்ல." குரலைத் தாழ்த்தினார். "எங்க அண்ணன்கிட்ட இத நான் மறைக்க முடியாது, தம்பி. புரியுதா?"

"புரியுது சார்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னால் விட முடியவில்லை. அவர்தான் மெல்ல விடுவித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எழுந்து கத்தினார்.

"வரட்டும் அவ! கால ஒடிச்சு வூட்லயே..."



"ஒடிஞ்ச காலோடயாவது வரட்டும்யா," என்றாள் அம்மா. சம்பந்தம் போனதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

அப்பா துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். சட்டையைத் தேடி எடுத்தார்.

"கப்பலு எந்தப் பக்கமாடா வந்து நிக்கும்?" என்றார்.

"இன்னிக்கு வராதுப்பா."

"தெரியும். எந்தப் பக்கம், அத்த சொல்லு."

துறைமுகத்துக்குப் போக இருவரும் ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்தோம்.