துரைசாணி கொடுத்த சீஸ்

ஆட்டுப்பாலைக் கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிந்தால் எழும் வாடையில் மோரின் புளிப்பும் கிடாவின் வீச்சமும் கலந்திருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், அது அம்மாவின் சேலையோடுதான் முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மா நிர்வாகியின் பங்களாவில் சமையல்காரி. நிர்வாகி எங்களுக்குத் ‘தொரை’, அவர் மனைவி ‘தொரைசாணி’. துரைசாணி இரண்டு ஆடுகள் வளர்த்தார். திரிந்த பாலைத் துணியில் வடித்து, உப்புச் சேர்த்துச் ‘சீஸ்’ செய்ய அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். “கெட்டுப்போன பாலுக்கு ஒரு பேரு” என்பார் அப்பா.

எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் அம்மாவோடு பங்களாவுக்குப் போயிருந்தேன். துரை வேலையைப் பார்வையிட ரப்பர்க் காட்டுக்குக் கிளம்பியதும் துரைசாணி ஒரு பையோடு சமையலறைக்கு வந்தார். அவருடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. துணியில் கட்டிய சீஸ் உருண்டையை அம்மாவின் கையில் வைத்து, “வீட்டுக்குக் கொண்டு போ சரசு, இங்க இனிமே யாரும் சாப்பிட மாட்டாங்க” என்றார். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கிடையே குறுக்குவழியில் அவரைப் பெரிய சாலைக்கு அழைத்துப்போய்ச் சிரம்பான் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் இருவரும் ஆடுகளைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

அன்று மாலை அம்மா, காய்ந்த மிளகாயும் வெங்காயமும் அரைத்து நெத்திலியோடு வதக்கிய சம்பலில் அந்தச் சீஸை உதிர்த்துப் போட்டார். அது முட்டையாகவும் இல்லை, தயிராகவும் இல்லை. முதல் வாய் எடுக்கும்போதே துரையின் ஜீப் தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றது.

“சரசு, மேடம் எங்க போறேன்னு சொன்னாங்களா?”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலங்க தொரை.”

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொன்னதற்காக முந்தின வாரம்தான் அம்மாவிடம் அடி வாங்கியிருந்த எனக்கு, வாயிலிருந்ததை விழுங்குவதா துப்புவதா என்றே தெரியவில்லை. “சாப்புடு” என்றார் அம்மா. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றேன்.

ஜீப் போன பிறகு அப்பா, “இந்த வீட்ட விட்டு வெரட்டுனா எங்கலா போறது?” என்று கேட்டார். அம்மா சம்பல் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். அதுவரை சீஸைத் தொட்டேயிராத அப்பா, தட்டை நீட்டிக் கொஞ்சம் போடச் சொன்னார். அவருக்குக் கோபமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

வீடு போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் அம்மா பழையபடி, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனார். துரை அனுப்பினாரா, அம்மாவே கேட்டுக்கொண்டாரா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்று அங்கே லயமும் இல்லை, பங்களாவும் இல்லை. வரிசை வரிசையாகப் புது வீடுகள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன தீபாவளிக்குத்தான் அம்மாவிடம் துணிந்து கேட்டேன், அன்றைக்கு ஏன் பொய் சொன்னீர்கள் என்று.

“பொய் என்னா இருக்கு? அவங்களும் சொல்லல, நானும் கேக்கல” என்ற அம்மா, அடுப்படிக்கு எழுந்து போகும்போது சொன்னார்: “கேட்டிருக்கலாம். நல்லபடியா இருக்காங்களான்னுகூட தெரியலலா.”