ஒரு முழத் தூரத்துப் பந்து

ஸ்கோர் கார்டில் நூற்றுப் பதின்மூன்று என்று எழுதியிருந்தது. வேறு யாருடைய கார்டையோ என்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோல்ஃபில் அடிகள் குறையக் குறையத்தான் பெருமை. ஒரு வருடமாக நான் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஐந்து என்று ஆடி வந்தவன். அப்படி நம்பி வந்தவன் என்று சொல்ல வேண்டும்.

காளவாசலில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு நாற்பத்தாறு வயதில் இந்தக் கிறுக்குப் பிடித்தது. முதலில் வெறும் நடைப்பயிற்சிக்காகத்தான் கோல்ஃப் மைதானத்துக்குப் போனேன். ஒரு நாள் நான் மட்டை வீசுவதை மனைவி செல்போனில் படமெடுத்துக் காட்டினாள். கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவரைப் போல ஒரு தொப்பைக்காரர் குனிந்து நின்றார். அது நான்தான் என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து வெறி. வில்லாபுரம் வீட்டு மொட்டை மாடியில் வலை கட்டி, தினமும் காலை ஐந்தரைக்கு நூறு பந்து அடித்தேன். “என்னண்ணே, மாடியில தேங்கா உரிக்கிறீங்களா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பதிலே சொல்லவில்லை. என் கோபம் எனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும்.

மலைமேல் உள்ள கிளப்போடு மோத எங்கள் கிளப்பிலிருந்து நாலு பேர் கொண்ட அணி போகும். அதற்காக ஒரு போட்டி வைத்தார்கள். நூறு அடிக்குள் முடித்தால் அணியில் இடம். எனக்கு இடம் உறுதி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மதுரை வெயிலில் கடை கடையாக ஏறி ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

என்னோடு எப்போதும் ஆடுகிறவர் ஒரு பாய். பழைய டவுனில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், என்னைவிட நாலு வயது இளையவர். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பந்து குழிக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றால் போதும், “விடுங்கண்ணே, அது விழுந்துரும்” என்று சொல்லி அவரே குனிந்து எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார். அந்த ஒரு அடியை அடித்ததாகவே எழுதிக்கொள்வோம். அவர் பந்து அப்படி நின்றால் நான் எடுத்துக் கொடுப்பேன். பேசி வைத்ததில்லை, விருந்தாளியைச் சாப்பிட்ட தட்டை எடுக்க விடமாட்டோம் இல்லையா, அப்படித்தான் இதுவும். நாளாக ஆக ஒரு முழம் இரண்டு முழமானது.

போட்டியன்று பாய்க்குக் கடையில் வேலை, வரவில்லை. என் அடிகளை எண்ணிக் கார்டு எழுத வந்தவர் கோயம்புத்தூர்க்கார அம்மா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் குழியில் என் பந்து சரியாக ஒரு முழத் தூரத்தில் நின்றது. நான் குனிந்து, எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

“ஏனுங்க சார், இன்னும் முடிக்கலீங்களே.”

“இது விழுந்துரும்ல மேடம்.”

“விழோணுமுங்க. எடுத்த எடத்துலயே வெய்யுங்க. அடையாளம் வெக்காம எடுத்ததுக்கு ஒரு அடி சேத்திக்கறனுங்க.”

அவர் குரலில் கேலி இல்லை. எனக்குத்தான் காது சூடேறியது. பந்தை வைத்தேன். மட்டையால் தள்ளினேன். பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். தவறியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஒரு முழத்தை நான் இதுவரை அடித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆட வந்து இரண்டு வருடம் ஆகியும் ஒரு தடவைகூட இல்லை. மாடியில் அடித்ததெல்லாம் தூர அடிகள். அடுத்தடுத்த குழிகளில் பந்து பக்கத்தில் போய் நிற்கும்போதெல்லாம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளித் தவறவிட்டேன். சுளையாகப் பத்தொன்பது அடிகளைக் குழிக்குப் பக்கத்திலேயே தொலைத்தேன்.

மதியம் பாய் கடையை விட்டுவிட்டு ஆசையாக வந்தார். வண்டி நிறுத்துகிற இடத்தில், வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எம்புட்டுண்ணே?”

கார்டை அவர் கையில் திணித்தேன். “எல்லாம் உங்களாலதான் பாய்! என்னைய ஒரு தடவ அடிக்க விட்டீங்களா? கையில கையில எடுத்துக் குடுத்து என்னைய நொண்டியாக்கிட்டீங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நீங்க மூத்தவருண்ணே. இத்துனூண்டு தூரத்துக்கு உங்களக் குனிய வச்சு, விழுகுதா விழுகலையான்னு நான் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கவா?”

அவர் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அண்ணே, அப்ப போன மாசம் நான் அடிச்ச எண்பத்தொம்பது?”

அதுதான் அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த ஸ்கோர். அன்றைக்குக் கடை ஆட்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டார். அந்தக் கார்டுக்குச் சட்டம் போட்டு, கடையில் தன் அத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். “அது நெசந்தான் பாய்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று எத்தனை தடவை குனிந்து அவர் பந்தை எடுத்தேன் என்று எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

“எத்தன தடவண்ணே?”

“பதினாலு.”

பாய் போனை எடுத்துக் கடைக்குப் போட்டார்.

“அத்தா படத்துக்குப் பக்கத்துல ஒரு கார்டு மாட்டியிருக்குல்ல, அதக் கழட்டி உள்ள வச்சிருங்கப்பா” என்றார். “ஒண்ணுமில்லப்பா, சும்மாதான். நான் வாரதுக்குள்ள கழட்டிருங்க.”